வாத்தியார் பூங்காவுக்கு வந்த முனியாண்டி

ஜெயபாலனுக்குக் கோபம் வராது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான். என் கடையில் ரொட்டி சானாய் கருகி வந்தாலும், "பரவால்லண்ணே, மொறுமொறுன்னு இருக்கு" என்று தின்றுவிட்டுப் போவான். நான் அவனுக்கு நேர் எதிர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஜெயபாலனின் கதையைச் சொல்ல நான் சரியான ஆள் இல்லை, பாதிக் கதை வசவாகத்தான் இருக்கும் என்பது என் மனைவி பல்கீஸின் கருத்து. இருந்துவிட்டுப் போகட்டும். கோபப்பட வேண்டியவன் படவில்லையென்றால் பக்கத்தில் இருக்கிறவனாவது படவேண்டும்.

என் பெயர் முத்து முகம்மது. ஈப்போவிலிருந்து செமோர் போகிற வழியில், தாமான் ஸ்ரீ ஹெவர்லி என்கிற குடியிருப்பின் கோடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். பெயரைக் கேட்டால் பங்களா வரிசை என்று நினைத்துக்கொள்வீர்கள். எல்லாம் மலிவு விலை ஒற்றைத் தள வீடுகள். முன்பு இது ஹெவர்லி ரப்பர் தோட்டம். ஹெவர்லி யாரென்று இங்கே யாருக்கும் தெரியாது, எந்தச் சீமையிலோ இருந்த வெள்ளைக்காரன். பால்மரங்களைச் சாய்த்து வீடு கட்டிய தவுக்கே, அதாவது முதலாளி, அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு ஸ்ரீ போட்டு விற்றுவிட்டார். மரம் சீவியவர்களின் பெயர் எதிலும் இல்லை. அது பற்றி அப்போது எங்களுக்கும் வருத்தம் எதுவும் இல்லை, தலைக்கு மேல் கூரை கிடைத்தால் போதும் என்றிருந்தோம்.

ஜெயபாலனை நாங்கள் பாலா என்போம். இந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். அவன் அம்மா செல்லாயி பால்மரம் சீவிச் சீவியே முதுகு கூனிப் போனவர். பாலா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தான். படித்தான் என்பதைவிட உட்கார்ந்திருந்தான் என்பதுதான் சரி, அவனே அப்படித்தான் சொல்லுவான். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் பிச்சைமுத்து வாத்தியார். ஆள் குள்ளம், குரல் மட்டும் கூரையைத் தட்டும். அவரிடம் படித்து டாக்டர் ஆனவர்கள் உண்டு, வக்கீல் ஆனவர்கள் உண்டு. அவர்கள் படமெல்லாம் பத்திரிகையில் வந்திருக்கிறது. பாலாவின் படம் வந்தது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான். அந்த உரிமமும் வாத்தியார் வாங்கிக் கொடுத்த மாதிரிதான்.

தோட்டத்தை விற்றபோது பள்ளிக்கூடத்தின் அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வேறு ஊரில் புதுப் பள்ளி கட்டினார்கள். இங்கே இருந்த கட்டடத்தை இடித்தார்கள். மிஞ்சியது பிள்ளைகள் ஓடியாடிய பாடாங்தான், அதாவது திடல். வீட்டு வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சைச் சாயம் பூசி 'காலி இடம்' என்று போட்டிருந்தார்கள். என் கடை வாசலில் நின்று பார்த்தால் எதிரே அதுதான் தெரியும். அப்போது அது திடல் மாதிரியா இருந்தது? இடுப்பளவு லாலாங் புல். அதற்குள் பழைய மெத்தை, உடைந்த கக்கூஸ் பீங்கான், பாம்பு. நான் ஒருநாள் நகராண்மை மன்றத்துக்குப் போன் பண்ணித் திட்டினேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிச்சைமுத்து வாத்தியார் திட்டவில்லை. ஓய்வு பெற்றுத் திடலுக்கு நேரே ஒரு வீடு வாங்கிக் குடிவந்தவர், மறுவாரமே ஒரு பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கிவிட்டார். அவரைப் பார்த்து வெட்கப்பட்டு நாலு பேர் இறங்கினோம். புல் போனதும் ஓரத்தில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்தார். சாயங்காலமானால் வகுப்பு. தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள், அடுத்த மாதம் மலாய்ப் பிள்ளைகள் வந்தார்கள், அப்புறம் சீனப் பிள்ளைகள். கணக்கை மலாயில் சொல்லிக் கொடுத்தார், திட்டுவதை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டார். ஒரு தேர்தல் சமயம் கட்சிக்காரர்கள் திடலில் கொடி நட வந்தபோது, "இங்க யாரு கொடியும் வேணாம், யாரு சாமியும் வேணாம், புள்ளைங்க மட்டும் வந்தாப் போதும்" என்று அனுப்பிவிட்டார். அவர் சாமி கும்பிடாதவர் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்தான். திடலை மட்டும் தனியாக வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் பாலாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. வேலை பார்த்த பலகைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேறொரு தொழிற்சாலையில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். அதற்குத் தனி உரிமம் வேண்டும், உரிமத்துக்கு மலாயில் எழுத்துப் பரீட்சை. பாலா போவான், தோற்பான், என் கடையில் வந்து பால் விடாத கோப்பி ஓ குடிப்பான். மூன்றாம் முறையோ நாலாம் முறையோ தோற்ற அன்று வாத்தியார் கடைக்கு வந்திருந்தார். அவன் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அந்தக் காட்சியைக் கடையிலிருந்து பார்ப்பேன். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு தடித்த ஆம்பளை. முதல் நாள் பிள்ளைகள் சிரித்தன. வாத்தியார் கரும்பலகையில் ஒரு சாலைக் குறியை வரைந்து, "சிரிச்சவன் எந்திரிச்சு வந்து இது என்னான்னு சொல்லு" என்றார். எவனுக்கும் தெரியவில்லை. பாலாவுக்குத் தெரிந்தது. அவன் அன்றைக்கு முகத்தில் வைத்திருந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. இதை அவன் மனைவி சாந்தினி முன்னாலேயே சொல்லியிருக்கிறேன், அவளும் ஆமாம் என்றுதான் சொன்னாள். பரீட்சை தேறினான். வேன் கிடைத்த முதல் நாள் வாத்தியாரை முன்சீட்டில் உட்கார வைத்துச் செமோர் வரை ஓட்டிக் காட்டினான்.

வாத்தியாருக்குப் பிள்ளை கிடையாது. மனைவியும் முன்னாலேயே போய்விட்டார். அவர் இறந்தபோது கொள்ளி வைக்கத் தம்பி மகன் ஒருவன் சிலிம் ரிவரிலிருந்து வந்தான், காரியம் முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் பாலா என்னிடம், "அண்ணே, இனிமே அவரு பேரச் சொல்ல என்னா இருக்கு?" என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போனான். 'சிக்கு பிச்சைமுத்து பூங்கா' என்று மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுதிப் பலகை வைத்தோம். சிக்கு என்றால் இங்கே வாத்தியார். சட்டமன்ற உறுப்பினர் வந்து ரிப்பன் வெட்டி, "இந்த இடம் என்றைக்கும் உங்களுடையது" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மைக்கில் பெரிய மனுஷன் சொல்லிவிட்டால் அது சட்டமாகிவிட்டது என்று நம்புகிற சனம் நாங்கள். பிறகு மன்றத்திலிருந்து ஊஞ்சலும், பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஏறி இறங்கும் ஏற்றப் பலகையும் கொண்டுவந்து நட்டார்கள், நாலு பெஞ்சு போட்டார்கள், மாதாமாதம் புல் வெட்ட ஆள் வந்தது. இதற்கு மேல் ஒரு பூங்காவுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

விடிகாலை ஷிப்டுப் பெண்களைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு வந்ததும் பாலா நேரே திடலுக்குப் போவான். தூங்குமூஞ்சி இலையைக் கூட்டுவான், ஊஞ்சல் கொக்கிக்கு எண்ணெய் விடுவான், அதற்கப்புறம்தான் என் கடைக்குப் பசியாற வருவான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. யாரும் நன்றி சொன்னதாகவும் ஞாபகம் இல்லை. "ஒனக்கு மன்றத்துல சம்பளம் போடச் சொல்லவாடா?" என்று கேலி பண்ணுவேன். சிரிப்பான். அப்படியே வருடங்கள் போயின. அவன் தலையும் நரைத்தது.

போன வருடத்துக்கு முந்திய வருடம், மழை விட்ட ஒரு காலையில், திடலைச் சுற்றிச் சிவப்புத் தலை வைத்த முளைகள் அடித்திருந்தார்கள். பாலா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து கடையில் உட்கார்ந்தான். பசியாறவில்லை. அன்றைக்கே விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வரைபடத்தில் பச்சை பூசிய தவுக்கே அந்த இடத்தை மன்றத்துக்கு எழுதிக் கொடுக்கவே இல்லை. அவர் நொடித்துப் போய்ச் சொத்தெல்லாம் ஏலத்தில் போனபோது திடலும் சேர்ந்து போயிருக்கிறது. வாங்கிய கம்பெனி அங்கே இரண்டு மாடிக் கடை வரிசை கட்டப்போகிறது. ஊஞ்சல் நட்டவர்கள், புல் வெட்டியவர்கள் ஒருவரும் பட்டாவைப் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. அடுத்தவன் நிலத்தைத்தான் அத்தனை வருடமும் பாலா கூட்டிக்கொண்டிருந்தான்.

அவன் அலைய ஆரம்பித்தான். வேன் ஓட்டம் முடிந்த பகல் நேரமெல்லாம் அதுதான். மன்றம், நில அலுவலகம், புதுச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம், பத்து காஜா என்கிற ஊரில் யாரோ ஒரு பெரியவர் வீடு. எங்கும் அவனை யாரும் விரட்டவில்லை, அதுதான் கொடுமை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பாவம் என்றார்கள், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வாத்தியாரிடம் படித்த டாக்டருக்கும் போன் செய்தான். நல்ல முயற்சி, தொடர்ந்து செய்யுங்கள் என்று அவர் வாழ்த்தினார்.  "மேசையத் தட்டிப் பேசுடா" என்று நான் சொன்னால், "அவங்களும் வேல பாக்கறவங்கதானே அண்ணே" என்பான்.

ஒரே ஒருவர் மட்டும் உண்மையாகவே காது கொடுத்தார். மன்றத்தில் திட்டப் பிரிவில் இருந்த ரொஹானா என்கிற மலாய்க்கார அம்மா. கட்டட அனுமதிக்கு முன்னால் ஆட்சேபக் கூட்டம் ஒன்று நடக்கும், சுற்றியிருக்கிற எல்லா இனத்தாரும் ஒரே குரலில் இது எங்கள் பூங்கா என்று சொன்னால், அரசாங்கமே நிலத்தை எடுத்துப் பூங்காவாக வைக்கச் சொல்லி மேலே எழுத முடியும் என்றார். நடக்கும் என்று சொல்லவில்லை, முடியும் என்றுதான் சொன்னார். பாலாவுக்கு அது போதுமானதாக இருந்தது. கையெழுத்து வாங்கப் புறப்பட்டான். முதல் கையெழுத்துப் போட்டவர் ஹலிம். மலாய்க்காரர், அவர் மகள்கள் இரண்டு பேரும் அந்த மரத்தடியில் கணக்குப் படித்தவர்கள். விடியற்காலையில் திடலில் கையைக் காலை ஆட்டிப் பயிற்சி செய்கிற சீனக் கிழவிகள் எல்லோரும் போட்டார்கள். என் கடைக்கு வந்தவர்களை நானே போட வைத்தேன். கூட்டத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

அந்த மாதத்துக்குள் எல்லாம் கெட்டது.

ஒருநாள் பாலா வேனோடு திரும்பி வரும்போது திடலுக்குள் ஒரு மண்வாரி இயந்திரம் நின்றது. ஓரத்து வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஏற்றப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தது. பாலா ஓடிப் போய் முன்னால் நின்றான். "தோலோங், தோலோங்" என்று கும்பிட்டான். உதவுங்கள், உதவுங்கள் என்று. ஓட்டுகிறவன் யாரோ கூலிக்கு வந்த பையன், காதில் பாட்டு மாட்டியிருந்தான். இவனை ஒதுங்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தான். ஏற்றப் பலகை லோரியில் ஏறிற்று. இடத்தை அளக்கத்தான் வந்தோம், இடைஞ்சலாக இருந்தது என்று பிறகு கம்பெனியில் சொன்னார்களாம். பாலா கடைக்கு வந்து உட்கார்ந்தான்.  

அப்போதுதான் பத்துமலை வாயைத் திறந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர், முன்னாள் லோரி ஓட்டுநர், குரல் பெரிது, மனசும் பெரிதுதான்.

"பாலா, நான் சொல்றதக் கேளு. தோட்டத்துல என்னென்ன ஒடச்சான்? லயத்த ஒடச்சான். பள்ளிக்கூடத்த ஒடச்சான். புள்ளைங்கள உட்டுட்டுப் போற ஆயக்கொட்டாய ஒடச்சான். முனியாண்டியத் தொட்டானா?"

 அவர் சொன்னது உண்மை. பேராக் மாநிலத்தில் நீங்கள் எந்தப் பழைய தோட்டத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மனுஷன் இருந்த தடம் ஒன்றும் இருக்காது. செம்பனை மரத்துக்கு நடுவில் முனியாண்டி மட்டும் சூலத்தோடு நிற்பார். தவுக்கேக்கும் அவரிடம் பயம், மண்வாரி ஓட்டுகிறவனுக்கும் பயம்.

"மரத்தடியில ஒரு கல்ல வச்சு, சூலத்த நட்டு, மஞ்சத் துணியச் சுத்துவோம். அப்பறம் எவன் மிசின உள்ள விடுறான்னு பாப்போம்லா."

"வாத்தியாரு வேணாம்னு சொன்ன எடம்ணே அது" என்றான் பாலா.

"வாத்தியாரு பேரக் காப்பாத்தத்தான சாமியே வருது!"

எனக்குப் பொறுக்கவில்லை. "டே பாலா, வேணாம்டா. கூட்டம் வருது, அந்தம்மா சொல்லியிருக்காங்க, இன்னும் கொஞ்ச நாளு பொறு" என்றேன். பத்துமலை என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், "பாய், இது நம்ம சாமி விசயம், உட்டுருங்க" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? ஊரில் கடை வைத்திருக்கும் பாய், முனியாண்டி வரக்கூடாது என்றான் என்று நாளைக்கு ஒருத்தன் சொன்னால் போதும், விஷயம் எங்கேயோ போய்விடும். பாலாவும் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "ஏத்தப் பலகையத் தூக்கிட்டுப் போயிட்டான் அண்ணே" என்று மட்டும் சொன்னான்.

கல்லைச் சுத்தமான கைதான் வைக்க வேண்டும் என்றார்கள். குடிக்காதவன், சிகரெட் தொடாதவன், பொய் பேசாதவன் யார் என்று பார்த்தால் எங்கள் தாமானில் பாலா ஒருவன்தான் தேறினான். நல்லவனாக இருந்ததற்கு அவனுக்குக் கிடைத்தது அது. தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு, ஆற்றிலிருந்து வேனில் கொண்டுவந்த கல்லைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் அவன் கையாலேயே வைத்தான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும், பத்துமலை சொன்னது பலித்தது. அதற்கப்புறம் மண்வாரி உள்ளே வரவில்லை. எல்லோருக்கும் பெருமை பிடிபடவில்லை. முதல் வாரம் கல்லும் சூலமும்தான். அடுத்த வாரம் தகரக் கூரை. அப்புறம் தரைக்கு டைல்ஸ், ஒரு மணி, வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஒலிபெருக்கி. யாரோ ஒரு சீனர் கும்பிட்டுவிட்டுப் போய் நாலு நம்பர் லாட்டரி அடித்தார் என்று கிளம்பியது கதை. ஈப்போவிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. என் கடையில் வழி கேட்பார்கள். "பிச்சைமுத்து பூங்கா எங்கே" என்று ஒருவரும் கேட்கவில்லை. "முனியாண்டி பாடாங் எங்கலா?" என்றுதான் கேட்டார்கள். பாலா பக்கத்து மேசையில் இருந்தால் எழுந்து நின்று, "அது வாத்தியார் பூங்காண்ணே" என்று திருத்துவான். சரி சரி என்று போவார்கள்.

பந்து விளையாட வந்துகொண்டிருந்த மலாய்ப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. யாரும் சண்டை போடவில்லை. ஹலிம் ஒருநாள் கடைக்கு வந்து தேநீர் குடித்துவிட்டு, காசு கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "நான் பாடாங்குக்குத்தான் கையெழுத்துப் போட்டேன், முத்து. இப்போது அது பாடாங் இல்லையே." அவருக்கும் வருத்தம்தான். அவர் வீட்டில், பள்ளிவாசலில், நாலு பேர் கேட்பார்களே. தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் ரொஹானா அம்மா இடத்தைப் பார்க்க வந்தார். பாலா ஓடிப் போய் வரவேற்றான். அவர் காரை விட்டு இறங்கியவர், தகரக் கூரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்சிக் பாலா, ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று மலாயில் கேட்டார். கோபம் இல்லை, அழுகிற குரல்.

நேற்று வரை இது பூங்கா விவகாரம், இன்றைக்கு அனுமதி இல்லாத கோயில் விவகாரம் ஆகிவிட்டது, இனி இந்தக் கோப்பு என் மேசையில் இருக்காது, வேறு குழுவுக்குப் போகும், அங்கே பூங்கா என்ற பேச்சே வராது என்று விளக்கினார். பாலா, "எடுத்துவிடுகிறோம் புவான், நாளைக்கே எடுத்துவிடுகிறோம்" என்றான். அந்த அம்மா அவனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எடுக்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலமே பாலா பத்துமலையிடம் போனான். நானும் கூடப் போனேன்.

"வச்ச சாமிய எடுக்கறதா? என்னா பேசுற நீ?" பத்துமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என் மருமவ இப்பத்தான் முழுகாம இருக்கு. அவருகிட்ட வேண்டிக்கிட்டுத்தான் நின்னுச்சு. கைய வச்சுப் பாரு, குடும்பம் என்னாகும்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே பயந்தார். வந்திருந்த பெண்களும் வாயில் அடித்துக்கொண்டார்கள். பாலாவுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்ததை நான் கண்டேன். அவன் கையால் வைத்த கல், ஆனால் இப்போது அது அவன் சொல்லுக்கு அடங்காது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஹலிமிடமா? ரொஹானாவிடமா? முனியாண்டியிடமா? எனக்கு அவ்வளவு கோபம் வந்தும் திட்ட ஒரு ஆள் அகப்படவில்லை.

ஆட்சேபக் கூட்டம் நடந்தது. பாலா போய் உட்கார்ந்திருந்தான். அவன் பெயரைக் கூப்பிடவில்லை.

கம்பெனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். கோயில்மேல் கை வைத்தால் ஊர் திரளும் என்று தெரிந்து, நல்ல சட்டை போட்ட ஒரு தமிழரை அனுப்பினார்கள். அவர் பழத்தட்டோடு வந்து முனியாண்டியை விழுந்து கும்பிட்டார். பெரிய சாக்கடை ஓரமாக ஒரு துண்டு நிலத்தைக் கோயிலுக்கே முறைப்படி எழுதிக் கொடுக்கிறோம், செங்கல் கட்டடமாகக் கட்டித் தருகிறோம், அனுமதியும் நாங்களே வாங்குகிறோம் என்றார். இந்த மாதிரி ஒரு பேச்சைத் தோட்டக் காலத்திலிருந்து யாரும் எங்கள் சனத்திடம் பேசியதில்லை. பத்துமலைக்குக் கண் கலங்கிவிட்டது. கோயில் கமிட்டி ஒத்துக்கொண்டது. பாலாவும் கமிட்டியில் ஒருவன், கல் வைத்தவன் என்ற மரியாதைக்காக.

"பூங்கா என்னாகும்?" என்று கேட்டான்.

"பூங்காதான் போகுதே தம்பி" என்றார் அந்தத் தமிழர் பணிவாக.

"வாத்தியாரு பேரு? கடை வரிசைக்காச்சும் வைக்கலாமா? ரோட்டுக்கு?"

"அதெல்லாம் எங்க கையில இல்ல. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அவர். பத்துமலை பாலாவின் தொடையைத் தட்டினார். "சாமிக்கு எடம் கெடச்சிருக்கு. அதப் பாருலா." பாலா அதற்கப்புறம் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியவில்லை. கடை வரிசைக்கு ஏற்கெனவே இங்கிலீஷில் ஒரு பெயர் முடிவு செய்து விளம்பரம் அச்சடித்துவிட்டார்கள்.

சாமியை மாற்றுகிற நாள் காலையில் ஊரே கூடியது. உறுமி மேளம் வந்தது. சாக்கடை ஓரத்தில் புதுக் கோயில் பச்சை வர்ணத்தில் மின்னியது. பூசாரி சன்னாசி, "வச்ச கைதான் எடுக்கணும்" என்றார். பாலா மறுபடியும் தலைக்குக் குளித்து ஈர வேட்டியோடு வந்தான். கல்லைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேளத்தின் பின்னால் நடந்தான். பெண்கள் அவன் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். புது இடத்தில் வைத்ததும் அந்த நல்ல சட்டைக்காரர் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தார்கள். மறுநாள் அவன் படமும் பத்திரிகையில் வந்தது. முனியாண்டி கோயில் நிறுவனர் என்று கீழே போட்டிருந்தார்கள்.

நான் கடை வாசலிலேயே நின்றிருந்தேன். திடலில் மண்வாரி இயந்திரம் தயாராக நின்றது. பக்கத்தில் மரம் வெட்டுகிற லோரி. வாத்தியார் பெயர்ப் பலகையை முந்தின நாளே கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். திடலைச் சமன் செய்யக் குத்தகை எடுத்த ஆ லியோங், வயதான சீனர், வேலையை ஆரம்பிக்காமல் ஊதுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தார். எங்கள் சாமியை அவர் டத்தோ என்பார். டத்தோவை எழுப்பிக் கொண்டுபோனவர் வந்து சரி என்று சொன்னால்தான் இயந்திரத்தைக் கிளப்புவேன், இல்லையென்றால் கவிழ்ந்துவிடும் என்று பிடிவாதம்.

பாலாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பொன்னாடை தோளில் இருந்தது. வேட்டி இன்னும் ஈரம். அவன் நின்ற இடத்துக்கு நேரே தூங்குமூஞ்சி மரம். கல் இருந்த இடத்தில் ஒரு குழி. ஊஞ்சல் சட்டம் மட்டும் தனியாக நின்றது. நான் ரோட்டைத் தாண்டி அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

ஆ லியோங் ஊதுவத்தியை மண்ணில் செருகிவிட்டு அவன் முன்னால் வந்தார். இரண்டு கையையும் குவித்தார்.

"அண்ணே, இப்ப போலே?" என்று கேட்டார். போலே என்றால் மலாயில் ஆகலாம், இப்போது ஆரம்பிக்கலாமா என்று.

வேண்டாம் என்று சொல்லுடா என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் என்ன நடக்கும்? மத்தியானம் வரை நிற்கும். யாராவது வந்து வேறொரு பூஜை போட்டுச் சரி செய்வார்கள். இருந்தாலும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லு. பின்னால் பத்துமலையும் கமிட்டியும் பூசாரியும் நின்றார்கள். சாந்தினி சற்றுத் தள்ளி நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். பாலா மரத்தை ஒரு தடவை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தான்.  முளை அடித்தவர்கள் அவனைக் கேட்கவில்லை. ஏற்றப் பலகையைத் தூக்கியவர்கள் கேட்கவில்லை. கூட்டம் போட்டவர்கள் கேட்கவில்லை. அந்தத் திடலைப் பற்றி அவன் சம்மதத்தை முதல் முதலாகக் கேட்டது இந்த ஆள்தான்.

"போலே" என்றான் பாலா. பிறகு, கேட்டதற்காக அவருக்கு நன்றியும் சொன்னான்.